கழித்தால் பழைய தொகை வருமா?

சித்தூர் மாவட்டத்தை வைத்து ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 41,74,064 பேர். திருப்பதியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது; 2022-ல்தான் தனி மாவட்டமாயிற்று. பத்தாண்டுகளில் கூடியது 11.43 சதவீதம். அப்படியானால் 2001-ல் எத்தனை பேர்?

பிள்ளைகள் மட்டுமல்ல, சொல்லிக்கொடுக்க உட்காரும் நாமும் சட்டென்று 41,74,064-லிருந்து அதன் 11.43 சதவீதத்தைக் கழித்துவிடுவோம். 36,96,968 வரும். தவறு! ஏறக்குறைய 49,000 பேர் காணாமல் போகிறார்கள். ஒரு சிறு நகரமே போய்விட்டது.

சதவீதம் எதன்மேல் கூடியது? பழைய தொகையின்மேல். நமக்குத் தெரியாததும் அதுதான். அதை 'க' என்று வைத்துக்கொள்வோம் (பள்ளியில் 'எக்ஸ்' என்பார்கள்).

க + 0.1143 க = 41,74,064
1.1143 க = 41,74,064
க = 41,74,064 ÷ 1.1143 = 37,45,907

2001 கணக்கெடுப்பில் இருந்தது 37,45,875. அந்த 32 பேர் வித்தியாசம், சதவீதத்தை இரண்டு தசம இடத்தோடு நிறுத்தியதால் வந்தது.

பிள்ளை 36,96,968 என்று எழுதி வந்தால் கோபிக்க வேண்டாம். அதன்மேல் 11.43 சதவீதம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 41,19,531-தான் வரும், மீதிப் பேர் எங்கே என்று பிள்ளையே கேட்கும்.