பவளப்பாறையின் துப்புரவாளர்

களவா மீனின் வாய்க்குள் போகும் சிறுமீன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஆனால் கிளீனர் ராஸ் அதே வாய்க்குள் தானாகவே நுழைந்து, பல்லிடுக்கெல்லாம் கொத்தித் தின்றுவிட்டு, செவுள் வழியாகச் சாவகாசமாக வெளியே வரும்.

விரல் நீள மீன்தான். மூக்கில் மெல்லிய கோடாகத் தொடங்கும் கறுப்புப் பட்டை வால்வரை அகன்றுகொண்டே போகும். அதன் இருபுறமும் பளீர் நீலம். செங்கடலிலிருந்து பிரெஞ்சு பாலினேசியா வரையுள்ள பவளப்பாறைகளில் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

கடை போட்டதுபோல ஒரே இடத்தில் இருக்கும் இதைத் தேடி மற்ற மீன்கள் வருகின்றன. கிளிமீன் தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும். அஞ்சாலை வாயைத் திறந்து காட்டும். இறால், நண்டுக்கு உறவான, ரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணிகளே இதன் முக்கிய இரை. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் செய்த ஆய்வு 1996இல் வெளியானது. அதன்படி ஒரு மீன் நாளொன்றுக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது.

உண்மையில் இதற்கு அதிகம் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் கோழை. அதைக் கடித்தால் வந்த மீன் வெடுக்கென்று துள்ளும். சில சமயம் துரத்தவும் செய்யும். பார்த்துக்கொண்டிருக்கும் மீன்கள் வேறிடம் போய்விடலாம். அதனால் பார்வையாளர் இருக்கும்போது கிளீனர் ராஸ் கடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் கடித்துவிட்டால், ஆணே அதைத் துரத்தித் தண்டிக்கிறது.

இத்தனை கணக்குப் போடும் மீனின் அறிவை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ணாடி வைத்துச் சோதித்தார்கள். தொண்டையில் ஒட்டுண்ணி போன்ற பழுப்புப் புள்ளி வைத்ததும், கண்ணாடியில் அதைக் கண்ட மீன்கள் தம் தொண்டையைத் தரையில் தேய்த்தன. 2019இல் வெளியான இந்த முடிவு விலங்கறிவு பற்றிய பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

லிசார்டு தீவில் சில பாறைத்திட்டுகளிலிருந்து மட்டும் கிளீனர் ராஸை அகற்றி, எட்டரை ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தார்கள். அங்கே மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது, இனங்களும் குறைந்திருந்தன. ஒரு விரல் நீள மீனை நம்பி ஒரு பாறையின் வாழ்வே இருக்கிறது. அழகுக்காக இதைப் பிடித்துத் தொட்டியில் விடுகிறார்கள். அங்கே போதிய இரை கிடைக்காமல் பல மெலிந்து சாகின்றன. வாங்குபவர்கள் இந்த ஒரு மீனையாவது தவிர்க்க வேண்டும்.