ஏளனக் கேள்வியொன்றில் பிறந்த சபை

வறியோரின் வீடு தேடிச் செல்லும் புனித வின்சென்ட் டி போல் சபையினரை நமது பங்குகளில் நாம் நன்கறிவோம். அச்சபை செல்வந்தர் ஒருவரின் கொடையினாலோ, ஆயர் ஒருவரின் ஆணையினாலோ தோன்றியதன்று. கேள்வியொன்றுக்கு விடைகூற இயலாது தலைகுனிந்த மாணவர் சிலரே அதனைத் தோற்றுவித்தனர்.

1832 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பரவிய வாந்திபேதி நோய் 18,000 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஏழைகளின் குடியிருப்புகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. அக்காலத்தில் சட்டக்கல்வி பயின்ற பிரெடரிக் ஓசானாம், விவாத மன்றமொன்றில் திருச்சபையின் கடந்தகாலப் பணிகளை எடுத்துரைத்து வாதாடி வந்தார். ஒருநாள் எதிரணியினர், பழம்பெருமை இருக்கட்டும், இன்று ஏழைகளுக்காக நீங்கள் செய்வது என்னவென வினவினர். கேட்டவர்களுக்கு நல்லெண்ணம் இருந்ததோ இல்லையோ, கேள்வி நியாயமானதே. வாதத்திறன் மிக்க அவ்விளைஞரிடம் அதற்கு விடையிருக்கவில்லை. அன்று மாலையே அவரும் நண்பர் ஒருவரும் தம்மிடம் எஞ்சியிருந்த விறகை ஏழையொருவரின் வீட்டிற்குச் சுமந்து சென்றனர் எனக் கூறப்படுகின்றது.

1833 ஏப்ரல் 23 ஆம் நாள், ஓசானாமின் இருபதாவது பிறந்தநாளன்று, ஆறு மாணவரும் பத்திரிகை ஆசிரியரான இம்மானுவேல் பாயியும் ஒன்றுகூடினர். ஆர்வம் இருந்தது, ஏழைகளை அணுகும் முறை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக மூஃப்தார் பகுதியின் சந்துகளில் பணியாற்றி வந்த அருட்சகோதரி ரொசாலி ரொந்துவை நாடினர். சந்திக்க வேண்டிய குடும்பங்களை அவரே காட்டினார். கொடுப்பதற்கான உணவுச் சீட்டுகளையும் தமது இல்லத்திலிருந்தே வழங்கினார். ஏழையின் இருக்கையில் அமர்ந்து அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பதும் உதவியே என்பதை மாணவர் அவரிடம் கற்றனர். சபையின் வரலாற்றில் இந்த அருட்சகோதரியின் பெயர் இரண்டாமிடத்திலேயே கூறப்படுவது எமக்குச் சற்று வருத்தமே.

1834 இறுதிக்குள் உறுப்பினர் நூறைக் கடந்தனர். அறை கொள்ளவில்லை. வெவ்வேறு பங்குகளுக்கெனப் பிரிந்து செல்லலாமென ஓசானாம் முன்மொழிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நட்பினால் கட்டப்பட்டது பிரிவினால் அழிந்துபோகும் என அஞ்சிச் சிலர் கண்ணீர் விட்டனர். அந்த அச்சம் வீணானதென்று எளிதில் தள்ளிவிட முடியாது. பெருகிய பின் முகமிழந்த அமைப்புகளை நாமும் கண்டிருக்கின்றோம். ஆயினும், தம் நட்பைத் தமக்குள் பூட்டிவைத்தால் அடுத்த தெருவின் ஏழையை யார் சந்திப்பது? 1835 இல் பிரிவு நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே சபையின் ஒழுங்குவிதிகளும் எழுதப்பட்டன.

ஓசானாம் பின்னர் சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1853 செப்டெம்பர் 8 இல் மார்செய் நகரில் நாற்பதாவது வயதில் இறையடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1997 இல் அவரையும் 2003 இல் அருட்சகோதரி ரொசாலியையும் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார்.

கூட்ட முடிவில் உறுப்பினர் தம்மிடையே பணம் சேர்க்கும் வழக்கம் அம்மாணவர் காலத்திலிருந்தே வருகின்றது. சிறு பையொன்று கைமாறிச் செல்லும். யார் எவ்வளவு இட்டார் என்பது அருகிலிருப்பவருக்கும் தெரியாது.