ஒப்பாரியும் ஒட்டுத்துணியும்

மலையகத் தோட்டங்களிலே இழவு வீட்டில் ஒப்பாரி சொல்பவர்கள் பெண்களே. இறந்தவரின் குணம், அவர் பட்ட கடன், கங்காணியின் கொடுமை, கடல் கடந்து வந்த கதை எல்லாமே அதில் வந்துவிடும். எழுத்தறியாத தாய்மாரின் வரலாற்று ஏடு அது. ஆனால் 1977இலும் 1983 யூலையிலும் வன்செயல் வந்தபோது அழுவதற்கும் அவகாசம் இருக்கவில்லை. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று காடு வெட்டிப் பயிர் செய்தன. போர் அங்கிருந்தும் அவர்களைத் துரத்தியது. உங்களுட் சிலருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சொல்லாத துக்கம் வீட்டிலே சினமாகவும், பிள்ளைகளிடம் காரணம் தெரியாத பயமாகவும், அயலவர்மீது பகையாகவும் மாறுகிறது. "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று நேரே கேட்டால் பெண்கள் வாய் திறப்பதில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சுத் தானாக வரும்.

சிலி நாட்டுத் தாய்மார் இதைச் செய்து காட்டினார்கள். அங்கே 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். தலைநகர் சந்தியாகோவில் திருச்சபையின் ஆதரவுடன் பெண்கள் கூடி, சாக்குத் துணியிலே கந்தல்களை ஒட்டித் தைத்துப் படம் ஆக்கினார்கள். காணாமற்போனவரின் உடுப்பையே வெட்டிச் சேர்த்தவர்களும் உண்டு. "எங்கே அவர்கள்?" என்ற கேள்வியையும் தைத்தார்கள். அத்துணிகள் வெளிநாடுகளில் விற்கப்பட்டன. வீட்டுக்கு அரிசி பருப்புக்குக் காசும் வந்தது, உண்மையும் வெளியே போனது.

படங்குச் சாக்கும் பழைய சேலையும் நம்மிடமும் உண்டு. மாதர் சங்கத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடி, விட்டுவந்த இடத்தின் ஒரு பொருளை மட்டும் தைக்கட்டும்: கிணறு, பலாமரம், கறவை மாடு. முழுக்கதையையும் கேட்க வேண்டாம். ஒப்பாரி வந்தால் தடுக்கவும் வேண்டாம். தைக்க மனமில்லாதவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கட்டும். துணியை வெளியார் பார்க்கலாமா என்பதைத் தைத்தவரே தீர்மானிக்க வேண்டும். (அறிக்கைக்குப் படம்பிடிக்கும் அவசரம் எம்மைப் போன்ற பணியாளருக்கு உண்டு. அதற்கு இடங்கொடாதீர்கள்.)

அயற்கிராமத்துச் சிங்களப் பெண்களை அழைப்பது அதன் பின்னரே. 1987–89 காலத்தில் தென்னிலங்கையிலும் பிள்ளைகள் காணாமற்போனார்கள். அவர்களுடைய தாய்மார் 1990இல் அன்னையர் முன்னணி அமைத்து வீதியில் இறங்கினார்கள். ஆகவே வருகிறவர்களிடமும் தைப்பதற்கு ஏதாவது இருக்கும். அவர்களுக்கும் ஒரு துண்டுச் சாக்கை எடுத்து வையுங்கள்.

முடிந்த துணிகளைப் பிள்ளைக்காம்பராவில் தொங்கவிடலாம். கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.