கடல் வளர்த்த எழுத்து

தாராவி வாழ் நம்மவரிற் பலர் திருநெல்வேலிச் சீமையினர். அச்சீமையின் கடற்கரைச் சிற்றூராகிய உவரியில் பிறந்தவர் நாவலாசிரியர் ஜோ டி குரூஸ். மீன்பிடிப்போர் நடுவே வளர்ந்த அவர், பின்னர்க் கப்பல் வாணிகத் துறையில் அலுவல் ஏற்றுச் சென்னையில் வாழலானார். எனினும் இளமையிற் கண்ட கட்டுமரமும் வலையும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்நினைவே 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ என்னும் நாவலாயிற்று. அடுத்த நாவலாகிய ‘கொற்கை’ 2013ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பரதவர் நாவில் வழங்கிய பேச்சு இந்நூல்களில் ஏடேறியது.

கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் அழைப்பது கடலோர வழக்கு. பம்பாயில் பிறந்த நம் மக்களுள் எத்தனை பேர் இச்சொற்களைக் கேட்டிருப்பர்? மீன்பிடியோ, உழவோ, பனைத்தொழிலோ, பெற்றோர் தம் ஊர்த்தொழிலின் சொற்களை இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம். நாளை எழுத விழையும் பிள்ளைக்கு அதுவே முதற்பொருள்.