சாட்டித் தண்ணீர்

தீவுப்பகுதியிலிருந்து வந்து எமது கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற நண்பர்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. விடுமுறை கழிந்து திரும்புங்கால், ஒடியலோடும் பனங்கட்டியோடும் தத்தம் ஊர்க் கிணற்றைப் பற்றிய பெருமையையோ குறையையோ அவர்கள் கொண்டுவருவர். வேலணை நண்பர் சாட்டித் தண்ணீரைப் புகழத் தொடங்கினால் நெடுந்தீவார் மௌனமாகிவிடுவார். அலையோசை கேட்குந் தூரத்தில் நன்னீர் ஊறுவது எங்ஙனம் என்று அன்று நாம் வியந்ததுண்டு.

தீவுகளில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே பெருவரவு. சாட்டியின் மணற்றிடர் அம்மழையை ஓடவிடாது உறிஞ்சிக் கீழே இறக்குகின்றது. இறங்கிய நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் மிதக்கின்றது. இந்நிலையை 1889ஆம் ஆண்டளவில் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும் கணக்கிட்டுரைத்தனர். (வேலணைத் தீவுக்கு லைடன் எனப் பெயரிட்டவர்களும் ஒல்லாந்தரே.) கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு பாரமானது. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கலாம்.

இக்கணக்கின் மறுபக்கமே அச்சந் தருவது. நீர்மட்டம் அரையடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 20 அடி மேலெழ இடமுண்டு. துலாவினாலும் வாளியினாலும் அள்ளிய காலத்தில் கிணறு இரவில் ஆறித் தேறிற்று. இறைப்பு இயந்திரமோ ஆறுதல் அறியாதது. ஒரே இடத்தில் இடைவிடாது உறிஞ்சுமிடத்து உவர் கூம்பாக மேலேறுகின்றது. கடல்நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டு என்னும் எல்லை கடந்துவிடும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர்க் கிழக்குக் கரையோரக் கிணறுகளைச் சுத்திசெய்யும் நன்னோக்கத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்தவர்கள், சிலவிடங்களில் உவரை மேலும் வரவழைத்தார்கள். மணலை அகழ்ந்து ஏற்றிச் செல்வதும் இதற்குக் குறைந்த தீங்கன்று. நீரைத் தாங்கும் பாத்திரத்தையே உடைப்பதற்கு அது ஒப்பாகும்.

உப்பையாவது நாக்கு காட்டிக்கொடுக்கும். நைத்திரேற்று அவ்வாறன்று, அதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. தோட்டத்துக்கு இடும் யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கசிந்து வருகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்ததாதலின் வடிகட்டும் ஆற்றல் அதற்குச் சொற்பம். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாது உடல் நீலம் பாரிக்கும் நோய்க்குக் கிணற்று நைத்திரேற்று காரணமாதலை 1945இல் அமெரிக்க மருத்துவர் கொம்லி எடுத்துக்காட்டினார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. "கொதிக்க வைத்தே கொடுக்கிறோம்" என்று தாய்மார் கூறுவர். கொதிநீரிற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு ஏறவுஞ் செய்யும். அத்தகைய கிணற்று நீரைக் குழந்தைக்கு விலக்கி வேறு நீர் கொடுப்பதே வழி. கேத்திலின் அடியிற் படியும் வெண்சுண்ணத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது பாத்திரத்துக்கே பெருந்தொல்லை.

நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் விளைக்கும் கிருமிகளோ மழைக்காலத்து விருந்தினர். கட்டில்லாத கிணற்றுக்குள்ளும், மணலிற் தோண்டிய பூவலுக்குள்ளும் வெள்ளம் அவற்றை நேரே கொண்டுசேர்க்கும். கிணற்றுக்கும் குழிக்குமிடையே 50 அடி விடுக என்பது வழக்கமான அறிவுரை; வெடிப்புள்ள கல்நிலத்தில் அதுவும் போதியதென்று நாம் துணிந்து கூறோம்.

2024ஆம் ஆண்டு ஆவணியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தாளையடியிற் திறக்கப்பட்டது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் குழாய்நீர் வந்துவிட்டதென்று மணற்றிடரைக் கைவிடுவது, வரவுள்ள காணியை விற்று வட்டிக்குக் கடன் வாங்குவது போலாம். கடல்நீரை நன்னீராக்க ஓயாது மின்சாரம் வேண்டும், மழைக்கு அது வேண்டாம்.

தீவக அன்பர்கள் தம் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறையேனும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாராக. உப்பை அறியப் புரட்டாதிக் கடைசி ஏற்றது. நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் அது. கிருமியையும் நைத்திரேற்றையும் அறியப் பருவமழை தொடங்கிக் கிணறு கலங்கிய பின் எடுத்த நீரே வேண்டும். கிருமிச் சோதனைக்குரிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டுப் பெறுக. வீட்டுச் சோடாப் போத்தல் உதவாது.