கொழுந்து எடையும் கன்டெய்னர் கணக்கும்



ஒரு நாள் காலையில் என் மகள் இரவுப் பணி முடிந்து வந்து, "அப்பா, நேத்து ராத்திரி ஒரு கன்டெய்னர் மெமரி முழுக்கத் தின்னுடுச்சு, பக்கத்துல இருந்தது செத்துப் போச்சு" என்றாள். ரயில்வேயில் மின்பிரிவில் வேலை பார்த்த எனக்குக் கன்டெய்னர் என்றால் சரக்கு வண்டியில் ஏற்றும் இரும்புப் பெட்டிதான். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் டெக்னோபார்க்கில் இருப்பதால், அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

மெயின்ஃப்ரேம் என்பது 1964ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வழியில் வந்த பெரிய கணிப்பொறி. பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்கு இன்றும் அதில்தான் ஓடுகிறது. கன்டெய்னர் என்பது ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய துணைச் சரக்குகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டும் முறை. 2013ல் டாக்கர் வந்த பிறகு இது எங்கும் பரவியது. 2019ல் இசட்/ஓஎஸ் 2.4 வெளியானபோது, லினக்ஸ் கன்டெய்னர்களை மெயின்ஃப்ரேமுக்கு உள்ளேயே ஓட்ட ஐபிஎம் வழி செய்தது. அதன் பெயர் இசட்சிஎக்ஸ்.

சிக்கல் இங்கேதான். இசட்/ஓஎஸ்ஸின் கண்ணுக்கு ஒரு இசட்சிஎக்ஸ் முழுவதும் ஒரே வேலை. உள்ளே பத்து கன்டெய்னர் ஓடினாலும் ஆர்எம்எஃப் என்ற அளவுக் கருவி மொத்தத்தைத்தான் காட்டும்.

நான் போனக்காட்டு லயத்தில் வளர்ந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். தேயிலைத் தொழிற்சாலை ஓடிய அந்தக் காலத்தில் எடை இரண்டு இடத்தில் போடுவார்கள். மலையில் ஆளுக்கு ஆள் நிறுத்துக் கணக்கப்பிள்ளை பெயருக்கு நேரே எழுதுவார். தொழிற்சாலையில் மொத்தமாக நிறுப்பார்கள். ஒருத்தி எடை இன்னொருத்தி பெயரில் ஏறினாலும் தொழிற்சாலை மொத்தம் மாறாது, கூலி மாறிவிடும். ஆர்எம்எஃப் தொழிற்சாலைத் தராசு. மலைத் தராசு வேறு வேண்டும்.

அந்தத் தராசு லினக்ஸிலேயே இருக்கிறது. சிகுரூப் என்று பெயர். கூகுள் பொறியாளர்கள் 2006ல் தொடங்கிய வேலை, 2008ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு கன்டெய்னரும் எவ்வளவு பிராசஸர் நேரம், எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று அது தனித்தனியே எழுதி வைக்கும். உச்ச வரம்பும் போடும். 'டாக்கர் ஸ்டாட்ஸ்' என்று அடித்தால் அப்போதைய நிலை தெரியும். நாள் கணக்கில் பார்க்க, சிஅட்வைசர் அளந்து தர, புரோமிதியஸ் சேமித்து வைக்க, கிராஃபானா படமாக வரைகிறது.

ஈரக் கொழுந்துக்கு எடையில் கழிவு பிடிப்பார்களே, அதுவும் இங்கே உண்டு! படித்த கோப்புகளை லினக்ஸ் மெமரியிலேயே வைத்திருக்கும், வேண்டும்போது விட்டுக்கொடுக்கும். அதைக் கழிக்காமல் பார்த்தால் எல்லாக் கன்டெய்னரும் பெருந்தீனிக்காரன் போலத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். இசட்சிஎக்ஸுக்கு ஒதுக்கிய மெமரி முழுவதும் தொடக்கத்திலேயே அதன் பெயரில் கட்டப்பட்டுவிடுகிறது. உள்ளே வேலையே இல்லாவிட்டாலும் வெளியே நிறைந்ததாகவே காட்டும்.

பணமும் இதில் இருக்கிறது. மெயின்ஃப்ரேம் மென்பொருளுக்குப் பல ஒப்பந்தங்களில், நகரும் நான்கு மணி நேரச் சராசரியின் மாத உச்சத்தை வைத்துக் கட்டணம். இசட்சிஎக்ஸ் வேலையில் பெரும்பகுதி ஜிப் என்ற தனிப் பிராசஸரில் ஓடலாம். அது இந்தக் கணக்கில் சேராது. ஜிப் நிரம்பி வேலை பொதுப் பிராசஸருக்கு வழிந்தால் பில் ஏறும். என் மகளின் மேலாளர் காலையில் முதலில் கேட்பது இதைத்தானாம்.

அன்றிரவு நடந்தது இது. ஒரு கன்டெய்னருக்கு வரம்பு போட மறந்திருந்தார்கள். மெமரி தீர்ந்ததும் கெர்னல் ஒரு புரோசஸைக் கொன்று இடம் பிடித்தது. அது பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருக்கும் புரோசஸைத்தான் தேர்ந்தெடுக்கும். தின்றவனோ பல சிறு புரோசஸ்களாகப் பிரிந்திருந்தான். ஒழுங்காக வேலை செய்த பக்கத்துக்காரன் ஒரே பெரிய புரோசஸ், அவன் பலியானான். ஆர்எம்எஃப் திரையில் எந்த மாற்றமும் இல்லை. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்த பிறகே இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பவர் காரின் ஆம்பியர் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பெட்டியின் ஏசி அதிகம் இழுக்கிறது என்று சொல்ல முயன்ற இளைஞர்களை நான் திட்டியிருக்கிறேன். பெட்டி பெட்டியாகப் போய் பேனலைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். மகளிடம் இதைச் சொன்னேன். "அதேதான்ப்பா" என்றவள், எல்லாக் கன்டெய்னருக்கும் வரம்பு போட்டாகிவிட்டது, எண்பது சதவீதம் தொட்டால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.