கள்ளி வளர்ப்பு

சிதம்பரத்திற்குத் தில்லை என்பது பழம்பெயர். தில்லை மரங்கள் அடர்ந்திருந்தமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். ஊருக்குக் கிழக்கே, பிச்சாவரத்து உப்பங்கழிக் கரைகளில் அம்மரங்களை இன்றும் காணலாம். தில்லையின் கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் தோலிற் பட்டால் கொப்புளம் உண்டாகும். கண்ணிற் பட்டால் பார்வை கெடும். இத்தகைய நச்சுப்பால் உடைய மற்றோர் இனம் கள்ளி. தில்லையும் கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கள்ளியிற் பல வகை உண்டு. தண்டு பட்டை பட்டையாக அமைந்து, விளிம்பில் இரண்டிரண்டாக முட்கள் உடையது சதுரக்கள்ளி. திருகுகள்ளிக்கு முள் இல்லை. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது, 'திருக்கள்ளி' என்னும் நம் நாட்டுச் சொல்லையே அதில் அமைத்தார். சப்பாத்திக்கள்ளி பெயரளவிலேதான் கள்ளி. அஃது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பச் செடி. அதனிடம் பால் இல்லை.

கள்ளி வறட்சியைத் தாங்குவது எங்ஙனம்? அதன் சதைப்பற்றுள்ள தண்டு நீரைச் சேமித்து வைக்கிறது. இலைகள் சிறியனவாய் விரைவில் உதிர்ந்துவிடுவதால், பச்சைத் தண்டே உணவு சமைக்கும் தொழிலையும் செய்கிறது. பல கள்ளிகள் பகலில் தம் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவிலேயே திறக்கின்றன. அதனால் நீர் வீணாவதில்லை. முள்ளும் பாலும் ஆடுமாடுகளை விலக்குகின்றன. ஆதலால் உழவர் அதனை வேலியாக வைத்தனர்.

வெயிலுக்கு அஞ்சாத கள்ளி, தேங்கிய நீருக்கு அஞ்சும். கடலூர்க் கடற்கரை மணலிலும் கேப்பர் மலைச் செம்மண்ணிலும் நீர் விரைவில் வடிந்துவிடும். சிதம்பரத்தை அடுத்த வயற்பகுதிக் களிமண்ணோ நீரைப் பிடித்து வைக்கும். அங்கு வேர் அழுகும். அத்தகைய இடத்தில் மேட்டுப்பாத்தியோ தொட்டியோ தேவை. அடியில் துளையுள்ள மண்தொட்டியில் செம்மண்ணும் பெருமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து இடவேண்டும். கோடையில் ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, வடியும் பாலை நீரிற் கழுவி, வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பின் நடவேண்டும். நட்டவுடன் நீர் ஊற்றுதல் கூடாது. வேரூன்றிய பின்னும் மண் நன்கு உலர்ந்தால்தான் நீர் விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தொட்டியைத் தாழ்வாரத்தில் வைப்பது நலம்.

மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த முட்கள்ளி ஒன்றும் நம் வீடுகளில் தொட்டியில் வளர்கிறது. அதில் சிவந்து தோன்றுவன இதழ்கள் அல்ல. பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளே. மெய்யான பூ அவற்றின் நடுவே சிறிதாய் ஒடுங்கியிருக்கும்.

கள்ளியை வெட்டுபவர் கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். பால் பட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. கண்ணிற் பால் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறு குழந்தைகள் நடமாடும் இடத்தில் தொட்டியை வைத்தல் தகாது.

அழகும் நஞ்சும் ஒரே தண்டில் அமைந்த செடி கள்ளி. அதன் இயல்பை அறிந்து வளர்ப்போர்க்கு அது சிறு நீரில் தழைக்கும் நற்செடி; அறியாது தீண்டுவோர்க்கோ பார்வையைக் கெடுக்கும் பகை.